மூலபாடம் எங்கே?

சென்ற தவணையில் ஒரு நாள், பண்டித வகுப்பிலே பாடபேதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏடு எழுதுவோர் கையாலும், உரை வகுப்போர் கருத்தாலும், பதிப்பிப்போர் துணிவாலும் ஒரு செய்யுள் எங்ஙனம் பல வடிவம் பெறுகின்றது என்பதை விளக்கினேன். இறுதியில், "ஆசிரியன் கருதியது எதுவோ அதுவே மூலபாடம், அதனைக் கண்டு காட்டுவது பதிப்பாசிரியன் கடன்" என்று முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணாக்கர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, ஆசிரியரே தம் நூலை இருபது ஆண்டு கழித்துத் திருத்திவிட்டு, முன்னைய நூலை இனி ஒருவரும் காணலாகாது என்று பூட்டி வைத்துவிட்டால், அப்பொழுது மூலபாடம் எது?"

"அவ்வாறு செய்த ஆசிரியர் யார்?" என்றேன்.

"ஜோர்ஜ் லூக்காஸ், ஐயா."

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். ஆனால் மணி அடித்தமையாற்றான் அன்று தப்பினேன் என்பதே உண்மை. கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

விடுமுறையிலே அம்மாணாக்கர் தம்மிடமிருந்த இறுவட்டுக்களைக் கொண்டுவந்து தந்தார். 'ஸ்டார் வோர்ஸ்' என்னும் பெயரில் 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று அமெரிக்கப் படங்கள் அவை. வானவெளியிலே ஒரு கொடும் பேரரசும் அதனை எதிர்க்கும் ஒரு சிறு கூட்டமும் பொருதுகின்ற கதை. பண்டிதனுக்குச் சினிமாவிலே என்ன வேலை என்று கேட்பார் உளர். வேலை இருக்கிறது. நாம் ஏட்டிலே கண்ட வழக்கு ஒன்று இன்று படச்சுருளிலே நடந்துகொண்டிருக்கிறது. அதனை விசாரிக்க நம்மவர்க்குத் தகுதி இல்லையாயின் வேறு யாருக்கு உண்டு?

முதலிலே செய்தியைச் சொல்லுகிறேன். முதற்படம் 1977 மே 25ஆந் திகதி அமெரிக்காவிலே திரையிடப்பட்டது. ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் செலவிலே எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் பேரலையை எழுப்பிற்று. 1981இல் மீண்டும் திரையிட்டபோது, தொடக்கத்திலே மேலெழுந்து செல்லும் எழுத்துக்களோடு 'நான்காம் அத்தியாயம்' என்னும் தலைப்பு ஒன்று புதிதாகச் சேர்ந்தது. சிறிய சேர்க்கை, அதனைக் குறித்துக் கலகம் எழவில்லை. 1997இல், இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, மூன்று படங்களும் 'விசேட பதிப்பு' என்னும் பெயரோடு படமாளிகைகளுக்குத் திரும்பி வந்தன. கணினியால் ஆக்கிய உருவங்கள் புகுத்தப்பட்டன. விட்ட காட்சிகள் ஒட்டப்பட்டன. இருந்த காட்சிகள் மாற்றப்பட்டன. 2004இல் டீவீடி வந்தபோது மேலும் மாற்றம். 2011இல் உயர்வரையறைப் புளூ-றே இறுவட்டு வந்தபோது பின்னும் மாற்றம். 2019இல் இணையவழி வந்தபோது இன்னும் ஒரு மாற்றம்.

ஒரேயொரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஹான் சோலோ என்பவன் கூலிக்குக் கப்பல் ஓட்டும் ஒரு கள்ளக் கடத்தற்காரன். மதுச்சாலை ஒன்றிலே கிரீடோ என்னும் கொலைஞன் அவனைத் துப்பாக்கி முனையில் இருத்திப் பேசுகிறான். 1977ஆம் ஆண்டுப் பாடத்திலே, சோலோ மேசைக்குக் கீழே மெல்லத் தன் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறான். 1997ஆம் ஆண்டுப் பாடத்திலே, கிரீடோ முதலிற் சுட்டுக் குறி தவறுகிறான். பின்னரே சோலோ சுடுகிறான். 2004ஆம் ஆண்டுப் பாடத்திலே இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்திற் சுடுகிறார்கள். 2019ஆம் ஆண்டுப் பாடத்திலே, சுடுமுன் கிரீடோ வாயிலே பொருள் விளங்காத சொல் ஒன்று புதிதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு காட்சிக்கு நான்கு பாடம்!

இது அற்ப விஷயம் எனத் தோன்றலாம். அன்று. சோலோ தொடக்கத்திலே தன்னலம் ஒன்றையே பேணுபவன்; கூலியைப் பெற்றுக்கொண்டு விலகிச் செல்பவன்; இறுதியிலே, எதிர்பாராத வேளையில், நண்பனைக் காக்கத் திரும்பி வருபவன். அவன் திரும்பி வருவதன் அருமை, அவன் எங்கிருந்து புறப்பட்டான் என்பதிலே தங்கியிருக்கிறது. முதலிலேயே அவனைத் தற்காப்புக்காகச் சுட்ட நல்லவனாக்கிவிட்டால், இறுதியில் அவன் நல்லவனாவதில் என்ன வியப்பு? ஒரு சொல்லை மாற்றினால் ஒரு பாத்திரம் மாறும் என்பது காவியம் கற்றவர்க்குப் புதிதன்று.

இனி, இறுவட்டுக்குக் காத்திருந்தவர்கள் கதை. புளூ-றே இறுவட்டு 2006இல் சந்தைக்கு வந்தது. டீவீடியைப் படிப்பது செந்நிற ஒளிக்கற்றை. இதனைப் படிப்பது அலைநீளம் குறைந்த நீலஊதா ஒளிக்கற்றை. எழுத்தாணி நுனி கூர்மையாயின் ஓர் ஏட்டிலே அதிக எழுத்து அடங்குமன்றோ? அதுபோல, டீவீடியின் ஒரு படையில் 4.7 கிகாபைற்று அடங்க, இதன் ஒரு படையில் 25 கிகாபைற்று அடங்கும். ஆகவே, படச்சுருளிலே உள்ள நுட்பங்கள் பலவும் வீட்டிலே காணக் கிடைக்கும். இச்செய்தி அறிந்த நாள் முதல், 1977ஆம் ஆண்டுப் படம் அன்று திரையிற் கண்டபடியே இவ்வடிவில் வரும் என்று பல்லாயிரவர் காத்திருந்தனர்.

அவர்களுக்கு முன்னரே ஓர் ஏமாற்றம் நேர்ந்திருந்தது. 2006 செப்ரெம்பரில், பழைய வடிவங்கள் டீவீடியின் பிற்சேர்க்கையாக வெளியிடப்பட்டன. ஆனால் அவை படச்சுருளிலிருந்து புதிதாக எடுக்கப்படவில்லை. 1993இல் லேசர் இறுவட்டுக்காக ஆக்கிய பிரதியையே எடுத்து அப்படியே இட்டனர். புதிய பதிப்புக்கு வழவழப்பான தாளும், பழைய பாடத்துக்குப் பொதிதாளும் கொடுத்தது போலாயிற்று. 2010 ஓகஸ்டிலே, அடுத்த ஆண்டு புளூ-றே வரும் என்று லூக்காஸ் அறிவித்தார். பழைய வடிவம் அதிலே இராது. அதனைச் செப்பம் செய்யச் செலவு மிக அதிகம் என்றும் சொன்னார். 2011 செப்ரெம்பரிலே ஒன்பது இறுவட்டுக்கள் கொண்ட பெட்டி வந்தது. 1977ஆம் ஆண்டுப் பாடம் மட்டும் அதில் இல்லை. மாறாக, மூன்றாம் படத்தின் உச்சக் கட்டத்திலே, அதுவரை வாய் பேசாது நின்று தன் மகனைக் காத்த டாத் வேடர் வாயிலே, "இல்லை" என்னும் ஓலம் ஒன்று புதிதாக ஏறியிருந்தது. மௌனமாய் நின்ற இடத்தில் ஓலம்! உரையாசிரியர் சொல்லவேண்டியதை மூலத்திலேயே சொல்லவைத்தது போலும்.

2012 ஒக்ரோபரிலே லூக்காஸின் கம்பனியை டிஸ்னி நிறுவனம் ஏறக்குறைய 405 கோடி டொலருக்கு வாங்கும் என்ற செய்தி வந்தது. புதியவர் கைக்கு மாறினால் பழையது வெளிவரும் என்று மீண்டும் நம்பினர். 2020இல், புளூ-றேயினும் நுண்மை மிக்க 4கே இறுவட்டுப் பெட்டி வந்தது. அதிலும் இருந்தது மாற்றப்பட்ட பாடமே.

இது நிற்க. லூக்காஸ் பக்கத்து நியாயத்தையும் கேட்பது முறை. 1977இலே தமக்குப் பணம் போதவில்லை, காலம் போதவில்லை, கருவி போதவில்லை, மனத்திலே கண்டதிற் பாதியே திரையில் வந்தது என்பது அவர் வாதம். 2004இல் அளித்த பேட்டி ஒன்றிலே, விசேட பதிப்பே தாம் விரும்பிய படம் என்றும், முடியாத படத்தின் மீது மக்கள் காதல் கொண்டதற்குத் தாம் வருந்துவதாகவும் கூறினார். இதனை எள்ளி நகையாடலாகாது. எழுதிய யாருக்கும் இத்துன்பம் உண்டு. நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரை ஒன்றை இன்று எடுத்துப் படித்தால், பேனாவை எடுக்கக் கை துடிக்கிறது. திருத்தும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. அதனை மறுப்பவர் எழுதி அறியாதவர்.

ஆயின், திருத்துதல் வேறு. முன்னதை இல்லாமற் செய்தல் வேறு. இவ்வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியிருக்கிறது. இதனை லூக்காஸ் அறியாதவருமல்லர். 1980களிலே, கறுப்பு வெள்ளைப் பழம்படங்களுக்குக் கணினியால் நிறமூட்டும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. 1988 மார்ச்சிலே லூக்காஸ் அந்நாட்டுச் சட்டசபையின் முன் சென்று, கலைப்படைப்புக்களைப் பின்வந்தோர் மாற்றுவது தகாது, அவை ஒரு சமுதாயத்தின் பொதுச்செல்வம் என்னும் பொருள்பட வாதாடினார். அவ்வாண்டிலேயே திரைப்படப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. அச்சட்டத்தின்படி தேசியத் திரைப்படப் பதிவேடு ஒன்று அமைக்கப்பட்டது. 1989இல் அதில் முதன்முதல் இடம்பெற்ற இருபத்தைந்து படங்களுள் 'ஸ்டார் வோர்ஸ்' ஒன்று. நாடு பொதுச்செல்வம் என்று பதிவு செய்தது 1977இன் படத்தை. 1997இன் படம் அன்று பிறக்கவே இல்லை.

"நான் மாற்றியது என் படைப்பை அல்லவா? பிறர் படைப்பையா மாற்றினேன்?" என்று அவர் சார்பிற் கேட்கலாம். கேட்கட்டும். அங்கேதான் எனக்குப் பெரிய ஐயம் பிறக்கிறது. செய்யுள் ஒருவர் மனத்திற் பிறப்பது. படம் அவ்வாறன்று. 1978ஆம் ஆண்டு ஒஸ்கார் விழாவில் முதற்படத்துக்குப் பல பரிசுகள் கிடைத்தன. தந்திரக் காட்சிகளுக்காக ஜோன் டைக்ஸ்ட்ராவும் அவருடன் நால்வரும் பரிசு பெற்றனர். படத்தொகுப்புக்காக மார்சியா லூக்காஸ், போல் ஹேர்ஷ், ரிச்சட் சியூ ஆகிய மூவர் பரிசு பெற்றனர். சிறு மாதிரிக் கப்பல்களைச் செய்து, கணினியால் இயங்கும் புகைப்படக் கருவியை அவற்றைச் சுற்றி நகர்த்தி, படத்தின் மேற் படமாகப் பதித்த கைவேலை அது. அக்கைவேலையின் ஒரு பகுதியை நீக்கிக் கணினி ஓவியத்தை வைத்தால், பரிசு பெற்றவர் பெயர் இருக்கும். பரிசு பெற்ற தொழில் காணக் கிடையாது.

இன்னும் ஒன்று. இரண்டாம் படத்தை இயக்கியவர் ஏர்வின் கேர்ஷ்னர். மூன்றாம் படத்தை இயக்கியவர் ரிச்சட் மார்குவாண்ட். கதையும் முதலும் லூக்காஸுடையவை, இயக்கம் இவர்களுடையது. மார்குவாண்ட் 1987இல் இறந்தார். அவர் இயக்கிய படம் 1997இலும் 2004இலும் 2011இலும் மாற்றப்பட்டது. அப்படத்தின் முடிவிலே, மனந்திரும்பி இறந்த தந்தையின் ஆவியாகத் தோன்றியவர் செபாஸ்ரியன் ஷோ என்னும் முதிய ஆங்கில நடிகர். அவர் 1994இல் இறந்தார். 2004இல் அவர் முகம் அக்காட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஹேடன் கிறிஸ்டென்சன் என்னும் இளைஞர் முகம் வைக்கப்பட்டது. இறந்தவரிடம் சம்மதம் கேட்க முடியாது; இறந்தவர் மறுக்கவும் முடியாது. பலர் கூடிச் செய்த படைப்பிலே ஒருவர் மட்டும் "இது என்னுடையது" என்று எஞ்சி நிற்கும்போது, மற்றையோர்க்காகப் பேசுவது யார்? பழைய பாடம் ஒன்றே பேசும். அதனாலேயே அது வெளியில் இருத்தல் வேண்டும்.

லூக்காஸின் நண்பர் ஒருவர் வேறு வழி காட்டியிருக்கிறார். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1982இல் எடுத்த 'ஈ.ரீ.' படத்திலே, சிறுவர்களைத் துரத்தும் அரசாங்க உத்தியோகத்தர் கையில் துப்பாக்கி இருந்தது. 2002இல் அவர் அதனை மாற்றி, கையடக்க வானொலிக் கருவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் அவ்வாண்டு வந்த டீவீடியிலே இரண்டு பாடங்களையும் வைத்தார். 2012இல் புளூ-றே வந்தபோது பழைய பாடமே வந்தது. 2023இலே, தாம் அதனை மாற்றியிருக்கலாகாது என்று வெளிப்படையாகவும் ஒப்புக்கொண்டார். ரிட்லி ஸ்கொட் 1982இல் எடுத்த 'பிளேட் ரண்ணர்' படத்துக்கும் பல பாடங்கள் உண்டு. 2007இல் வந்த பெட்டியிலே ஐந்து பாடங்களும் ஒருங்கே வைக்கப்பட்டன. தாம் விரும்பும் பாடம் எது என்பதை இயக்குநர் சொல்லிவிட்டார். ஏனையவற்றைக் காண்பவர் தீர்ப்புக்கு விட்டுவிட்டார். பாடபேதங்களை அடிக்குறிப்பிலே தரும் நல்ல பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே.

காத்திருந்தவர்கள் வெறுமனே காத்திருக்கவுமில்லை. சிலர் தாமே பதிப்பாசிரியராயினர். மாற்றப்படாத காட்சிகளைப் புளூ-றேயிலிருந்தும், மாற்றப்பட்ட காட்சிகளை 2006ஆம் ஆண்டு டீவீடியிலிருந்தும் பழைய படச்சுருள்களிலிருந்தும் எடுத்து, நிறம் ஒப்பிட்டு, காட்சி காட்சியாக ஒரு படத்தை மீட்டனர். வேறு சிலர் 1977இல் திரையில் ஓடிய 35 மில்லிமீற்றர் படச்சுருளையே தேடி எடுத்து, கீறலும் தூசும் போக்கிப் படியெடுத்தனர். இவற்றைக் கண்டபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இல் பதிப்பித்த நம் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களை நினைந்தேன். ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. சங்கச் செய்யுளுக்கு உரிமையாளர் இல்லை, இப்படங்களுக்கு உண்டு. இவ்விரசிகர் செய்தது உரிமையாளர் அனுமதியின்றிச் செய்தது. அது சட்டத்துக்கு மாறு என்பதில் ஐயமில்லை. ஆனால், சட்டத்தை மீறித்தான் ஒரு பொதுச்செல்வத்தைக் காக்கலாம் என்னும் நிலை வந்தால், குறை காப்போரிடம் மட்டுந்தான் உளதா?

அண்மையிலே கதவு சிறிது திறந்திருக்கிறது. 2025 யூன் மாதம், இலண்டனிலே, பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தன் காப்பகத்திலிருந்த 1977ஆம் ஆண்டுப் படச்சுருளைத் திரையிட்டது. பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை குளிரிலே வைத்துக் காத்த சுருள் அது. அக்காலத்துச் சாதாரண நிறப்படச் சுருள்கள் நாளடைவில் வெளிறிச் சிவந்துபோவன. இதுவோ சாயம் ஏற்றி அச்சிடும் ரெக்னிகலர் முறையிலே ஆக்கப்பட்டமையின் நிறம் மங்காது இருந்தது. தொடர்ந்து, முதற்படத்தின் 1977ஆம் ஆண்டு வடிவம் செப்பனிடப்பட்டு 2027இல் படமாளிகைகளிலே திரையிடப்படும் என்று லூக்காஸ்பிலிம் கம்பனி அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் அது முதற்படத்துக்கே உரிய அறிவித்தல். கேர்ஷ்னர், மார்குவாண்ட் ஆகியோர் படங்களுக்கு அன்று.

"படமாளிகையிற் கண்டால் போதாதா? இணையவழிப் பார்த்தால் போதாதா? வீட்டிலே ஒரு வட்டு ஏன் வேண்டும்?" என்று அம்மாணாக்கரையே கேட்டேன். அவர் சொன்ன விடை சிந்திக்கத்தக்கது. "ஐயா, 2019 நவெம்பரில் டிஸ்னியின் இணையச் சேவை தொடங்கிய அன்று, கிரீடோ வாயிலே புதிய சொல் இருந்தது. முதல் நாள் வரை அது எங்கும் இல்லை. லூக்காஸ் கம்பனியை விற்கு முன்னரே செய்து வைத்த மாற்றம் என்று பின்னர் சொன்னார்கள். ஆனால் பழைய வட்டு வீட்டில் இருந்தபடியாற்றான் மாற்றம் என்றே எங்களுக்குத் தெரிந்தது."

இதுவே இவ்விஷயத்தின் உயிர்நிலை எனக் கருதுகிறேன். அச்சிட்ட நூல் அச்சிட்ட ஆண்டிலேயே நிற்கும். இரண்டாம் பதிப்பு வந்தாலும் முதற்பதிப்பு யாரோ ஒருவர் அலுமாரியிலே இருந்துகொண்டு சாட்சி சொல்லும். இறுவட்டும் அத்தகையது, வெளிவந்த நாளின் பாடத்தை அது மாற்றாது வைத்திருக்கும். இணையவழி வருவதோ நம் கையில் இல்லாத நூல். இரவில் ஒருவர் வந்து நம் அலுமாரியிலுள்ள நூலின் ஒரு வரியை மாற்றிவிட்டு, சுவடு தெரியாமற் போய்விடலாம் என்றால் நாம் பொறுப்போமா? இன்று ஒரு விண்வெளிப் படம். நாளை ஒரு பாடநூல், ஒரு சரித்திரம், ஓர் அகராதி. நூல்களும் பத்திரிகைகளும் இணையத்துக்குக் குடிபெயரும் காலத்திலே, ஒரு பாடத்தின் திகதியைக் காப்பது சினிமா இரசிகர் கவலை மட்டுமன்று. ஆசிரியர் கவலை, மாணாக்கர் கவலை, நூலகர் கவலை.

வகுப்புக்குத் திரும்பியபோது நான் முன்னர் சொன்னதைத் திருத்திக்கொண்டேன். ஆசிரியன் கருதியது ஒன்றே மூலபாடம் என்றது குறையுடைய கூற்று. ஆசிரியன் மனம் மாறும். அவன் கருத்தும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உலகுக்கு ஒருகால் அளித்த பாடம் அவ்வாண்டுக்குரிய மூலபாடம். பின்னர் திருத்தியது பின்னைய ஆண்டுக்குரிய மூலபாடம். இரண்டையும் திகதியோடு காப்பதே நம் கடன். சேர்க்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. அழிக்கும் உரிமை, படைப்பு உலகத்தின் கைக்குச் சென்றபின், அவனுக்கும் இல்லை.

"அப்படியானால் ஐயா சென்ற தவணை சொன்னதை நாங்கள் குறிப்பிலிருந்து வெட்டிவிடலாமா?" என்று அம்மாணாக்கர் கேட்டார்.

வெட்டவேண்டாம் என்றேன். அதன் கீழே இன்றைய திகதியை இட்டு, இதனையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.